சிங்கலீலா முகட்டில் ஒரு நாள்

வங்கத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் டார்ஜிலிங் சென்று வராதவை மிகச் சிலவே இருக்கும். விடியுமுன் டைகர் குன்றில் கம்பளி போர்த்து நிற்பதும், சிறு ரயிலில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வதும், தேயிலைப் பொட்டலத்துடன் வீடு திரும்புவதும் நம்மவர்க்குப் பழகிப்போன முறை. அதே டார்ஜிலிங்குக்கு மேற்கே ஒரு நெடிய மலைமுகடு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் அதுவே எல்லை. சிங்கலீலா என்பது அதன் பெயர். அம்முகட்டின்மேல் முதுகில் மூட்டையுடன் நாட்கணக்கில் நடக்கலாம் என்பதை நம்மவருள் பலர் அறியார். பூஜை விடுமுறையில் நாங்கள் மூன்று குடும்பத்தினர் எழுவராக அவ்வழியில் நடந்து வந்தோம். அப்பயணத்தில் ஒரு நாளைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறோம்.

சியால்தாவில் இரவு ரயிலேறினால் காலையில் புதிய ஜல்பாய்குரி. அங்கிருந்து ஜீப்பில் மானேபஞ்சன் என்னும் சிற்றூரை அடைய வேண்டும். நடைப்பாதை அங்கிருந்து தொடங்குகிறது. சித்ரே, மேக்மா, தும்லிங், காளிபோக்ரி என்ற ஊர்கள் வழியாக ஏறினால் சந்தக்பூ வரும். தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம் அதுதான். உயரம் 3,636 மீட்டர், அதாவது ஏறக்குறைய 11,930 அடி. பாதையின் பெரும்பகுதி சிங்கலீலா தேசியப் பூங்காவினுள் செல்கிறது. 1992-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் செம்பாண்டா என்னும் அரிய விலங்கு வாழ்கிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுகிறார்கள்.

எல்லை என்றவுடன் முள்வேலியையும் துப்பாக்கியையும் நினைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. ஆங்காங்கே எண் பொறித்த சிறு தூண்கள் நிற்கின்றன; அவ்வளவே. 1950-ஆம் ஆண்டில் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் இந்தியரும் நேபாளியரும் தடையின்றி வந்துபோகிறார்கள். வலக்கால் இந்தியாவிலும் இடக்கால் நேபாளத்திலுமாக நடப்பது இங்கு விளையாட்டன்று. பாதையே அப்படித்தான் போகிறது. தேநீர் அருந்திய கடை எந்த நாட்டில் இருந்தது என்று பின்னர் வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

நாங்கள் சொல்லப்போகும் நாள் சந்தக்பூவில் விடிந்தது. அன்று முகட்டின்மேலேயே 21 கிலோமீட்டர் வடக்கே நடந்து பாலுட் என்னும் இடத்தை அடைய வேண்டும். வழியில் ஊர் கிடையாது, கடை கிடையாது, தண்ணீரும் அரிது. ஆகையால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை விடுதியிலேயே கொதிக்க வைத்து நிரப்பிக்கொண்டோம். இவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். அதனால் தண்ணீர் 88 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாவிடில் பருப்பு வேகாது. முதல் நாள் இரவு அரை வேக்காட்டுப் பருப்பைக் கண்டு முகம் சுளித்த எங்கள் வீட்டுப் பெண்கள், மறுநாள் காலை பருப்புப்பொடியையும் புளிக்காய்ச்சலையும் வெளியே எடுத்தபோது, அவற்றைச் சுமந்து வந்த தோள்களின் நோவு எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

சுமையைப் பற்றியும் ஒரு சொல். அரிசியையும் படுக்கைகளையும் சுமையாட்கள் இருவர் தூக்கினர். மூங்கில் கூடையில் பொருள்களை அடுக்கி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, குனிந்தபடியே அவர்கள் ஏறுகிறார்கள். கூடைக்கு டோகோ என்றும் பட்டைக்கு நாம்லோ என்றும் பெயர். எங்கள் முதுகுப்பைகளில் மாற்றுடை, மழையாடை, தண்ணீர், தின்பண்டம், மருந்து ஆகியவை இருந்தன. தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யாரும் சுமக்கலாகாது என்பது நடைவழக்கு. கனமான பொருளைப் பையின் நடுவே முதுகை ஒட்டி வைக்க வேண்டும். மழையாடை மேலே இருக்க வேண்டும். பையின் இடைப்பட்டையை இறுக்கிக் கட்டினால் சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். இதை அறியாதவர் பத்துக் கிலோமீட்டருக்குள் அறிந்துகொள்வர்.

விடியுமுன் எழுந்து விடுதிக்கு வெளியே வந்தோம். புல்லின்மேல் உறைபனி உப்பைப் போல் படிந்திருந்தது. வடக்கே கஞ்சன்ஜங்காவின் உச்சியில் முதலில் ஓர் இளஞ்சிவப்பு. பின்னர் அது பொன்னாகி வழிந்து தோள்களுக்கு இறங்கியது. 8,586 மீட்டர் உயரமுள்ள இம்மலை உலகில் மூன்றாவது. அதன் இடப்புறம் நிற்பது 7,710 மீட்டர் உயரமுள்ள கும்பகர்ணன் சிகரம். இத்தொடர் முழுவதையும் ஒருசேரப் பார்த்தால் ஒருவர் மல்லாந்து உறங்குவதுபோல் தோன்றும். 'துயிலும் புத்தர்' என்று இங்குள்ளோர் கூறுகின்றனர். அவ்வுருவத்தின் தலையாக அமைவது கும்பகர்ணன் சிகரமே. உறக்கத்துக்குப் பொருத்தமான பெயர்தான் என்று எங்களுள் மூத்தவர் சொல்ல, அந்தக் குளிரிலும் எல்லோரும் சிரித்தோம்.

வடமேற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டருக்கு அப்பால் எவரெஸ்ட் தெரிந்தது. அதன் அருகில் லோட்சேயும் மக்காலுவும். மக்காலு நமக்குச் சுமார் இருபது கிலோமீட்டர் அருகில் இருப்பதால் அதுவே எவரெஸ்டைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. உலகின் ஐந்து உயர்ந்த சிகரங்களுள் நான்கை ஒரே இடத்தில் நின்று பார்க்கிறோம். இதற்கு நுழைவுச்சீட்டு என்பது கால்களே.

மூத்தவர் என்று குறிப்பிட்டவருக்கு வயது அறுபத்து மூன்று. நில அளவைப் பணியில் வரைபடங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மலைகளைக் கோடுகளாகவும் எண்களாகவும் பார்த்தவர் அவர். நேரில் காண்பது இதுவே முதல் முறை. எங்களுள் இளையவள் பதினைந்து வயதுச் சிறுமி, கொல்கத்தாவில் பிறந்தவள், கனவு வங்காளியிலும் கோபம் தமிழிலும் வரும் என்று அவள் தாய் சொல்வார். பாலுட்டில் நின்று கஞ்சன்ஜங்காவைப் பார்க்க வேண்டும் என்று ஓராண்டாகப் படிக்கட்டுகளில் மூட்டையுடன் ஏறி இறங்கிப் பழகியவள் அவள். அடுத்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வு. எனவே இவ்வாண்டு தவறினால் பின்னர் எப்போதோ என்பது அவள் கணக்கு.

காலை ஏழு மணிக்கு முன்பே நடக்கத் தொடங்கினோம். பாதை முதலில் இறங்குகிறது. இருபுறமும் குட்டை மூங்கிலும் வெள்ளித் தேவதாருவும். பட்டுப்போன மரங்கள் சில கிளையும் இலையும் இழந்து, வெளுத்த தூண்களாக நின்றன. பின்னர் மரங்கள் விலக, புல்வெளி விரிந்தது. யாக் எருதுகள் சில எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல் மேய்ந்தன. இடையிடையே குராஸ் மரங்கள் தோல் போன்ற இலைகளைக் குளிருக்குச் சுருட்டிக்கொண்டு நின்றன. சித்திரையை ஒட்டி வந்தால் இவை சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்குமாம். 1848-ஆம் ஆண்டில் ஹூக்கர் என்ற ஆங்கிலத் தாவரவியல் அறிஞர் இம்முகட்டில் உள்ள தொங்லுவுக்கு வந்து சென்றார். இப்பகுதியின் குராஸ் இனங்களை உலகுக்கு அறிவித்தவர் அவரே. இது நமக்கு முற்றும் அயலான மரமும் அன்று. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டுப்பூவரசு என்று நாம் அழைக்கும் மரம் இதன் இனமே. சிறுமி அந்த இலையொன்றைத் தன் குறிப்பேட்டில் வைக்கப் போக, பூங்காவில் எதையும் பறிக்கலாகாது என்று வழிகாட்டி தடுத்தார். கீழே கிடந்த சருகொன்றை அவரே எடுத்துக் காட்டிவிட்டு மீண்டும் கீழேயே போட்டார்.

முகட்டு நடையில் ஏற்றம் இறக்கம் மாறிமாறி வரும். எவ்வளவு இறங்கினாலும் அதை மீண்டும் ஏறித்தான் ஆக வேண்டும். வழிகாட்டி நேபாளி இளைஞர்; எங்கள் பிள்ளைகள் அவரைத் 'தாஜு' என்று அழைத்தனர்; அண்ணன் என்று பொருள். அவர் வாயில் அடிக்கடி வந்த சொல் 'பிஸ்தாரை', அதாவது மெதுவாக. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு நின்றால் காலும் நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

ஆகையால் பேசிக்கொண்டே நடந்தோம். எவரெஸ்ட் உயர்ந்த சிகரம் என்று யார் கண்டுபிடித்தது என்று சிறுமி கேட்டாள்.

"அந்தக் கதை நம்ம ஊரில் தொடங்குகிறது, அம்மா" என்றார் பெரியவர்.

1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்பவர் சென்னைக்கு அருகே பரங்கிமலையை ஒட்டி ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். ஒரு கோட்டின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதையும் கணக்கிட்டுவிடலாம். அந்த முக்கோணத்தின் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். அதை வைத்து அதற்கு அடுத்தது. இப்படியே முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டு வடக்கே வந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, பீகாரின் சமவெளியில் நின்றபடியே தொலைவிலுள்ள பனிச்சிகரங்களை நோக்கிக் கோணம் எடுத்தார்கள். அதுவரை கஞ்சன்ஜங்காவையே உலகின் உயர்ந்த மலையாகக் கருதியிருந்தனர். 1852-ஆம் ஆண்டில் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளிக் கணித அறிஞர் போட்ட கணக்கில் 'பதினைந்தாம் சிகரம்' அதை மிஞ்சி நின்றது. அதுவே இன்றைய எவரெஸ்ட். 2020-ஆம் ஆண்டில் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்.

"அப்படியென்றால் மலையில் ஏறாமலே உயரத்தைச் சொல்லிவிட்டார்களா, தாத்தா?"

"பக்கத்தில்கூடப் போகவில்லை."

பதினொரு மணிக்குப் பள்ளத்தாக்குகளிலிருந்து மேகம் எழுந்து வரலாயிற்று. முதலில் பஞ்சுப் பொதிபோல் கீழே கிடந்தது. பின்னர் நேபாளப் பக்கத்திலிருந்து முகட்டைத் தாண்டி வழிந்தது. எவரெஸ்ட் மறைந்தது, சற்று நேரத்தில் கஞ்சன்ஜங்காவும் மறைந்தது. காற்று கூர்மையாயிற்று. அப்போதுதான் பேச்சு குறைந்திருப்பதைக் கவனித்தோம். பெரியவர் பின்தங்கி வந்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டரை மணிக்குச் சபர்கிராமை அடைந்தோம். சந்தக்பூவிலிருந்து 14 கிலோமீட்டர். பாலுட்டுக்கு இன்னும் ஏழு. கிராமம் என்பது பெயரில் மட்டுமே. முகட்டின்மேல் எல்லைக் காவல் படையின் முகாம் ஒன்று உண்டு. எங்கள் பேச்சைக் கேட்டு முகாமிலிருந்து ஒரு வீரர் விரைந்து வந்தார்.

"தமிழா? எந்த ஊர் ஐயா நீங்கள்?"

திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளை. நேருக்கு நேர் தமிழ் பேசி நான்கு மாதம் ஆயிற்று என்றார். எங்கள் பிள்ளைகள் பேசுகிற வங்கம் கலந்த தமிழைக் கேட்டுச் சிரித்தார். ஆயினும் அவர்களை நிறுத்தாமல் பேசவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். தீபாவளி நெருங்குகிறதே என்று தட்டை வைத்திருந்த டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டோம்.

உணவுப் பொட்டலத்தைப் பிரித்தபோது பெரியவர் வேண்டாம் என்று கையசைத்தார். வழிகாட்டி அவர் அருகில் அமர்ந்து விசாரித்தார். காலையிலிருந்தே தலைவலி, இப்போது குமட்டல், பசி இல்லை. "லேக்" என்றார் வழிகாட்டி. உயரத்தில் காற்று மெலிவதால் வரும் நோய்க்கு நேபாளியர் இடும் பெயர் அது. வயதையோ வலிமையையோ பார்த்து அது வருவதில்லை. இருபது வயது இளைஞருக்கும் வரும். முன்பு பலமுறை ஏறியவருக்கும் வரும். தலைவலியோடு நின்றால் ஓய்வும் நீரும் போதும். அது இருக்கும்போது மேலும் ஏறலாகாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் ஆளை உடனே கீழே இறக்க வேண்டும். இவை முகட்டில் நடப்பவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய பாடங்கள்.

வழிகாட்டி தரையில் கோலால் ஒரு கோடு கிழித்தார். குதிகாலோடு விரல்நுனி தொடும்படி அடி வைத்து அக்கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். வாழ்நாளெல்லாம் கோடு போட்ட மனிதர் அந்தக் கோட்டில் நடந்தார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் கால்களையே பார்த்தோம். பத்து அடி, பிறழவில்லை. இனி என்ன செய்வது என்பதே கேள்வி.

"மெதுவாக வந்துவிடுவேன், ஏழு கிலோமீட்டர்தானே? என் ஒருவனால் உங்கள் பயணம் கெடக் கூடாது" என்றார் அவர். தாமும் மனைவியும் அவருடன் தங்கிக்கொள்வதாகவும், மற்றவர் பாலுட் போகலாம் என்றும் சிறுமியின் தந்தை கூறினார். வழிகாட்டி இரண்டுக்கும் இசையவில்லை. மேகம் மூடிய முகட்டில் ஒரே வழிகாட்டியை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிரிக்க முடியாது. பெரியவர் வருவதும் முடியாது. உழைக்க உழைக்க லேக் வளரும். இரவில் முற்றினால் பாலுட்டிலிருந்து இருட்டில் காட்டு வழியே இறங்க நேரும். முகட்டைவிட்டுச் சற்றே கீழே மொலே என்னும் இடத்தில் தங்குமிடம் உண்டு, காற்று மறைவானது, முகாமும் அருகில். எல்லோரும் அங்கே தங்குவோம். காலையில் பார்ப்போம் என்றார் அவர். தமிழ் வீரரும் பெரியவருக்கு இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து கொடுத்து, "மலையிடம் வீம்பு செய்யக் கூடாது ஐயா" என்றார்.

சிறுமி ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று எல்லைத்தூண் ஒன்றின் அருகில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அவள் தாய் அழைக்கப் போனபோது பெரியவர் தடுத்தார். "விடுங்கள், அம்மா. வருத்தப்படுவதற்கு அவளுக்கு நியாயம் இருக்கிறது" என்றார்.

பிறகு, அவளுக்கும் கேட்கும்படியாக அவர் ஒரு செய்தி சொன்னார். 1955-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரௌனும் கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறினார்கள். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வ மலை. அதன் உச்சியை மிதிப்பதில்லை என்று அம்மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பிவிட்டார்கள். பின்னர் ஏறியவருள் பலரும் அவ்வழக்கத்தைப் போற்றினர். 2001-ஆம் ஆண்டு முதல் சிக்கிம் பக்கத்திலிருந்து அம்மலையில் ஏறுவதே தடை செய்யப்பட்டிருக்கிறது.

"அவர்கள் உச்சி வரைக்கும் போனவர்கள், தாத்தா. நாம் அடிவாரத்துக்குக்கூடப் போகவில்லை" என்றாள் அவள், திரும்பாமலே.

அதற்கு அவரிடம் விடை இல்லை, எங்களிடமும் இல்லை. சற்றுப் பொறுத்து அவள் எழுந்து வந்தாள். அவர் பையைத் திறந்து, தண்ணீர்க் குடுவையையும் கம்பளிச் சட்டையையும் எடுத்துத் தன் பையில் திணித்துக்கொண்டு, மொலேக்கு இறங்கும் வழியில் முன்னே நடந்தாள்.

மாலையில் மொலேயின் அடுப்படியில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தோம். சூடான துக்பா வந்தது. மாவுநாடாவும் கீரையும் மிதக்கும் கஞ்சி எனலாம். யாக்கின் பாலில் செய்து உலர்த்திய சுர்ப்பித் துண்டுகளை வழிகாட்டி ஆளுக்கொன்று கொடுத்தார். கல்லைப் போன்ற அதை வாயில் அதக்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் கரையும். இரவில் இரண்டு மணிக்கொருமுறை எங்களுள் ஒருவர் எழுந்து பெரியவரை எழுப்பி, பெயரும் கிழமையும் கேட்டோம். மூன்றாம் முறை எழுப்பியபோது அவர் எரிச்சலுடன் கிழமையையும் தேதியையும் சொல்லி, "இனி என்னை எழுப்பினால் பதினாறாம் வாய்ப்பாடு முழுவதும் ஒப்பிப்பேன்" என்றார். அப்போது எங்களுக்குக் கவலை பாதி தீர்ந்தது.

காலையில் தலைவலி இல்லை; இரண்டு ரொட்டி தின்றார். பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்திருந்தோம். ஆகையால் வழிகாட்டியின் இசைவுடன் சுமையைக் குறைத்துப் பிஸ்தாரையாக நடந்து, நண்பகலில் எழுவரும் பாலுட்டின் உச்சியை அடைந்தோம். 3,600 மீட்டர். சிக்கிமும் வங்கமும் நேபாளமும் கூடும் இடம். சந்தக்பூவைக் காட்டிலும் கஞ்சன்ஜங்காவுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நெருங்கிய இடம். அங்கே நாங்கள் கண்டது மேகம். வடக்கிலும் மேகம், மேற்கிலும் மேகம். ஒரு மணி நேரம் நின்றோம், விலகவில்லை.

"இந்தப் பக்கம்தான் இருக்கிறது" என்று பெரியவர் கையை நீட்டினார். "வடக்கிலிருந்து ஒரு பன்னிரண்டு பாகை கிழக்கே."

சிறுமி அவர் கை நீட்டிய திசையிலேயே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் குறிப்பேட்டில் அந்தக் கோணத்தை எழுதிக்கொண்டாள்.

இவ்வழியில் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். தெளிவான காட்சி வேண்டுவோர் ஐப்பசி, கார்த்திகையில் செல்க. பூ வேண்டுவோர் சித்திரையில் செல்க. மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ வரை ஒரே நாளில் ஜீப்பில் ஏறிவிடாமல், மூன்று நாட்களாக நடந்தே ஏறுக; உடல் உயரத்துக்குப் பழக அதுவே வழி. காலுறை இரண்டுக்கு நான்காக வைத்துக்கொள்க. அடையாள அட்டை இன்றியமையாதது. இதய நோயோ மூச்சு நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டபின் புறப்படுக. குப்பையை மலையில் விடாமல் முதுகிலேயே கீழே கொண்டுவருக. ரயில் சீட்டு எடுக்கும்போது ஒரு நாளைக் கூட்டியே எடுங்கள். அந்த நாள் வீணாயிற்று என்று ஊர் திரும்பிய பின் தோன்றினால், உங்கள் கூட்டத்தில் எல்லோரும் நலமாக நடந்து வந்தார்கள் என்றுதான் அதற்குப் பொருள்.